பாதாள விளையாட்டும் ஒரு பழைய நண்பனும்

இந்த முறை எழுதப்போவது கைபேசியில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி. "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்க எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. ஆகவே நீங்களும் கேட்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விளையாட்டில் ஆரம்பித்தாலும் நான் சொல்ல வந்த விஷயம் நம் எல்லோருக்கும் பொதுவானது.

விளையாட்டின் பெயர் ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சன். டஞ்சன் என்றால் நிலத்தடிச் சிறை; நாம் பாதாளம் என்றே வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறைக்கு வந்த பேரன் என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆண்ட்ராய்டு கைபேசியில் காசு கிடையாது, நடுவில் விளம்பரமும் வராது. இந்தக் காலத்தில் இதுவே ஓர் அதிசயம்.

படம் ஒன்றும் பிரமாதமில்லை. கோலப் புள்ளிகளைச் சேர்த்து வைத்ததுபோல் கட்டம் கட்டமாக ஒரு சிறிய வீரன், ஓர் எலி, ஒரு கதவு. பாதாளத்துக்கு 26 தளங்கள். முதல் ஐந்து சாக்கடை, அடுத்த ஐந்து சிறைச்சாலை, பிறகு குகை, குள்ளர்களின் நகரம், கடைசியாக அரக்கர் கூடம். ஐந்து தளத்துக்கு ஒரு பெரிய எதிரி வழியை மறித்து நிற்பான். பத்தாம் தளத்தில் நிற்பவன் பெயர் டெங்கு. காய்ச்சல் இல்லை, ஜப்பானியப் பழங்கதைகளில் வரும் ஒரு பூதத்தின் பெயர். எல்லோரையும் தாண்டிப்போனால் அடியில் ஒரு தாயத்து இருக்கிறது. அதை எடுத்தால் வெற்றி.

நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இதில் விரல் வேகம் தேவையில்லை. நாம் ஓர் அடி வைத்தால் எதிரியும் ஓர் அடி வைப்பான். நாம் யோசித்துக்கொண்டு நின்றால் அவனும் நிற்பான். நடுவில் எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வந்தாலும் எலி வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.

இந்த வகை விளையாட்டுக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. 1980ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ரோக் என்று ஒரு விளையாட்டு எழுதினார்கள். பிறகு பெர்க்லியில் கென் அர்னால்ட் என்பவரும் சேர்ந்துகொண்டார். அப்போது திரையில் படம் ஏது? எழுத்துகள்தான். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, அந்தச் சுழித்த குறி, அதுதான் வீரன். ஆங்கிலப் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பூதம். அதிலும் தாயத்து 26ஆம் தளத்தில்தான். அதன் வழியில் வந்த விளையாட்டுகளை 'ரோக்லைக்', அதாவது ரோக் மாதிரி என்கிறார்கள். 2012ல் ஓலெக் டோல்யா என்பவர் கைபேசிக்காக பிக்சல் டஞ்சன் எழுதினார். பிறகு அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார். அதை எடுத்து 2014லிருந்து எவான் டெபென்ஹாம் என்பவர் வளர்த்து வருவதுதான் என் கைபேசியில் இருப்பது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. பெரும்பாலும் ஒற்றை ஆளின் உழைப்பு.

ரோக்கிலிருந்து இன்றுவரை மாறாத விதிகள் இரண்டு. ஒன்று, பாதாளம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். நேற்றுப் பார்த்த அறை இன்று இருக்காது. இரண்டாவது, செத்தால் செத்ததுதான். உயிர்ப்பிக்கும் பொருள் ஒன்று அபூர்வமாகக் கிடைக்கும். அது இல்லையென்றால், 24ஆம் தளம் வரை இறங்கியிருந்தாலும் மறுபடி முதல் தளம், வெறுங்கை. பழைய ரோக்கில் பாதியில் சேமித்துவிட்டுப் போகலாம். ஆனால் திரும்ப வந்து திறந்ததும் சேமித்த கோப்பு அழிந்துவிடும். செத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்பும் குறுக்கு வழியை அப்போதே அடைத்துவிட்டார்கள்.

இங்கேதான் விளையாடுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். இந்த வகை விளையாட்டு எங்கே இருக்கிறதோ அங்கே இந்தச் சண்டையும் இருக்கிறது.

முதல் கட்சி சொல்வது: எல்லாம் அதிர்ஷ்டம். நல்ல கவசம் கிடைத்தால் பிழைப்பாய், கிடைக்காவிட்டால் போவாய். நாம் வெட்டினால் படுமா படாதா என்பதையே கணினி பகடை உருட்டித் தீர்மானிக்கிறது. நீலக் குப்பியில் என்ன மருந்து என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை குடித்தால் காயம் ஆறும். அடுத்த ஆட்டத்தில் அதே நீலம் தீப்பற்றி எரியும். இரண்டு மணி நேர உழைப்பு ஒரு நொடியில் போவதற்குப் பெயர் விளையாட்டா?

இரண்டாவது கட்சி சொல்வது: அதிர்ஷ்டம் என்பது விளையாடத் தெரியாதவன் சொல்லும் சாக்கு. எந்தப் பாதாளமாக இருந்தாலும் தெரிந்தவன் ஜெயிப்பான். விளையாட்டைக் கடினமாக்கிக்கொள்ள ஒன்பது சவால்கள் வைத்திருக்கிறார்கள். உணவு குறையும், வெளிச்சம் குறையும், எதிரிகள் பலம் கூடும். ஒன்பதையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தாயத்தை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதிர்ஷ்டம்தான் எல்லாம் என்றால் அது எப்படி நடக்கும்?

நமக்குத் தெரிந்த ஆட்டங்களை வைத்துச் சொல்கிறேன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடிய பரமபதத்தில் நம் கையில் ஒன்றுமே இல்லை. பகடை சொன்ன இடத்தில் ஏணியோ பாம்போ. சதுரங்கத்தில் எல்லாமே நம் கையில். இரண்டுக்கும் நடுவில் தாயம் இருக்கிறது. விழுவது நம் கையில் இல்லை. விழுந்ததை வைத்து எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். இந்தப் பாதாள விளையாட்டு தாயத்தின் ஜாதி. சண்டையும் அதே சண்டைதான். தாயம் ஆடித் தோற்ற எந்த அத்தையாவது "என் ஆட்டம் சரியில்லை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஜெயித்தவர் "எனக்குத் தாயம் நன்றாக விழுந்தது" என்று சொல்லியிருக்கிறாரா?

நான் வேலை பார்த்தது வங்கியில். கடைசிப் பத்து வருடம் தணிக்கைப் பிரிவில். ஒரு கணக்கு இடித்தால் ஏன் இடித்தது என்று எழுதிவைக்காமல் தூக்கம் வராது. ஆகவே பழைய டைரி ஒன்றை எடுத்து, என் வீரன் சாகும்போதெல்லாம் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். எந்தத் தளம், யாரால், எதனால். "சாவுக் கணக்கு எழுதறதுக்கு ஒரு டைரியா" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் 'எதனால்' என்பதற்கு இரண்டு கட்டம் போட்டேன். ஒன்று விதி, ஒன்று மதி. ஒரு வாரத்திலேயே அது போதாது என்று தெரிந்துவிட்டது. நிறையச் சாவுகள் இரண்டிலும் அடங்கவில்லை. உதாரணம் சொல்கிறேன்.

ஐந்தாம் தளத்தில் கூ என்று ஒரு கூழ்ப் பூதம். அது சில நேரம் ஊதிப் பெருக ஆரம்பிக்கும். அப்போது விலகி நிற்க வேண்டும். பக்கத்திலேயே நின்றால் அடுத்த அடி இடிபோல் விழும். தண்ணீரில் நின்றால் அதன் காயம் தானே ஆறும். ஆகவே அதைக் கரைக்கு இழுத்துவந்து அடிக்க வேண்டும். இது தெரியாமல் அதன்முன் நின்று செத்தால் அது விதியா? இல்லை. பூதம் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. மதி போதாததா? அதுவும் இல்லை. முதல்முறை பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

குப்பி விஷயமும் அப்படித்தான். எந்தக் குப்பியில் என்ன மருந்து என்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் கலைத்துப் போடப்படுகிறது, உண்மை. ஆனால் ஒரு தளத்தில் மரக்கட்டைகள் அடுக்கி அடைத்த அறை இருந்தால், அதை எரிப்பதற்கான நெருப்புக் குப்பியும் அந்தத் தளத்தில் எங்கோ கிடக்கும். கடிக்கும் மீன்கள் நிறைந்த குளத்துக்கு நடுவில் பெட்டி இருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் போய்வர மாயக் குப்பியும் அங்கேயே கிடைக்கும். விளையாட்டு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இது தெரிந்தவனுக்கு அந்தத் தளத்தில் கிடைத்த புதுக் குப்பி பாதி ரகசியம்தான். தெரியாதவனுக்கு முழு லாட்டரி. குப்பி ஒன்றே, ஒருவன் அதை அதிர்ஷ்டம் என்கிறான், இன்னொருவன் தகவல் என்கிறான்.

ஆயுதத்தையோ கவசத்தையோ மேம்படுத்தும் மந்திரச் சுருளும் அப்படியே. ஐந்து தளத்துக்கு மூன்று சுருள் நிச்சயம் வைக்கப்பட்டிருக்கும். பலம் கூட்டும் மருந்து ஐந்து தளத்துக்கு இரண்டு. "எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை" என்பவன் பெரும்பாலும் எல்லா அறையையும் தேடாதவன். ஆனால் தேடினால் இத்தனை இருக்கும் என்று அவனிடம் யாராவது சொன்னார்களா?

ஆகவே டைரியில் நடுவில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். 'தெரியாமல்.' தெரிந்தே அவசரப்பட்டுச் செத்தால் ஒரு பக்கம். என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்க முடியாது என்றால் மறுபக்கம். நடுவில் 'தெரியாமல்'.

மூன்று மாதம் கழித்து டைரியைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஆரம்பப் பக்கங்கள் முழுக்க நடுக் கட்டம்தான். போகப்போக அது குறைகிறது. முதல் கட்டம் கூடுகிறது; தெரிந்தும் அவசரப்படுவது. மூன்றாவதான 'ஒன்றும் செய்வதற்கில்லை' எப்போதும் கொஞ்சம் இருக்கிறது. சிறிதுதான், ஆனால் பூஜ்யமாகவே இல்லை.

இப்போது இரண்டு கட்சியையும் பாருங்கள். புதிதாக ஆடுபவன் தன் நடுக் கட்டத்தை விதியில் சேர்த்துக் கூட்டுகிறான். ஆகவே எல்லாம் அதிர்ஷ்டம் என்கிறான். பழம் தின்று கொட்டை போட்டவனுக்கு நடுக் கட்டம் காலியாகிவிட்டது. அது ஒரு காலத்தில் நிரம்பி வழிந்ததும் அவனுக்கு நினைவில்லை. ஆகவே எல்லாம் திறமை என்கிறான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருமே ஒரு கட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டுகிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. 2022ல் இந்த விளையாட்டில் தினசரி ஆட்டம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அன்றைய தினம் உலகம் முழுக்க ஆடுபவர்கள் எல்லோருக்கும் ஒரே பாதாளம், ஒரே பொருட்கள். சண்டையில் உருளும் பகடை மட்டும்தான் வேறுபடும். பேரன் அவன் ஊரிலிருந்து, நான் இங்கிருந்து, ஒரே பாதாளத்தில் இறங்குவோம். இரவு போனில் கணக்கு பார்ப்போம். "தாத்தா, மூணாவது மாடியில கிழக்குப் பக்கம் பூட்டின ரூம் இருந்துச்சே, பார்த்தீங்களா?" என்பான். ஒரே பாதாளத்தில் அவன் 14ஆம் தளம் போயிருப்பான், நான் ஆறில் நின்றிருப்பேன். வித்தியாசம் பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாததுதான். அவன் சொன்ன பிறகு எனக்கும் தெரியும். மறுநாள் நானும் பத்தைத் தாண்டுவேன்.

விளையாடுபவர்களிடம் இன்னொரு சண்டையும் உண்டு. சொல்லிக் கொடுப்பது சரியா என்பது. ரோக்கின் வழிவந்த இன்னொரு விளையாட்டு நெட்ஹேக், 1987ல் வந்தது. ரகசியங்களுக்குப் பேர் போனது. அதில் காக்கட்ரைஸ் என்ற ஒரு ஜந்து. வெறுங்கையால் தொட்டால் நாம் கல்லாகிவிடுவோம். கையுறை போட்டிருந்தால் செத்த காக்கட்ரைஸையே ஆயுதமாகத் தூக்கி மற்றவர்களைக் கல்லாக்கலாம். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு ஜெயிப்பது ஜெயிப்பே அல்ல, தானே செத்துச் செத்துக் கற்பதுதான் வீரம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மனித ஆயுளில் அதெல்லாம் ஆகாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஷேட்டர்டை எழுதியவர் நடுவழி கண்டிருக்கிறார். ஆரம்பத் தளங்களில் ஒரு கையேட்டின் பக்கங்கள் அங்கங்கே கிடக்கும். பொறுக்கிப் படித்தால் முக்கியமான சங்கதிகள் தெரியும்.

மூன்றாவது ஒரு கட்சியும் இருக்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டாமா என்று கேட்பவர்கள். அவர்களுக்கென்றே வேறு வகை விளையாட்டுகள் வந்திருக்கின்றன. 2013ல் வந்த ரோக் லெகசியில் நாம் செத்தால் நம் வாரிசு விளையாட வருவான். அப்பா சேர்த்த தங்கம் பிள்ளைக்கு. அதை வைத்துக் கோட்டையைப் பெருக்கி, பலத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கலாம். தலைமுறைக்குத் தலைமுறை ஆட்டம் சுலபமாகும். பழைய பாணிக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. "அப்பன் சொத்தில் ஜெயிப்பது ஜெயிப்பா" என்கிற மாதிரி. ஷேட்டர்டில் அப்படிச் சொத்து இல்லை. புதிய வீரர்கள் சிலரைத் திறந்துகொள்ளலாம், அவ்வளவே. அடுத்த ஆட்டத்துக்கு நாம் கொண்டுபோவது மண்டையில் இருப்பதை மட்டும்தான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் சில முகங்கள் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது ஒருவன்.

நாங்கள் ஒரே ஊர், ஒரே கல்லூரி. கணக்கில் என்னைவிட அவன் கெட்டி. பரீட்சைக்கு முதல்நாள் நான் சந்தேகம் கேட்பது அவனிடம்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் இரண்டு பேரும் ஒரு வங்கியின் எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டோம். தேர்வு மதுரையில். எனக்கு அங்கே சித்தப்பா வீடு இருந்தது. முதல்நாளே போய்த் தங்கினேன். அவனுக்கு மதுரையில் யாரும் இல்லை. மறுநாள் விடியற்காலை ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தான்.

முதல்நாள் சாயங்காலம் சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவர் வேறொரு வங்கியில் வேலை பார்த்தவர். என்ன விஷயமாக வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் பேசினார். "தம்பி, கேள்வி நிறைய இருக்கும், நேரம் கம்மியா இருக்கும். முடிக்கவே முடியாது. கஷ்டமான கணக்குக்கும் சுலபமான கேள்விக்கும் ஒரே மார்க்குதான். தெரியாததுல நிக்காதே, தாண்டிப் போய்ட்டே இரு. கடைசியில நேரம் இருந்தா திரும்பி வா." அவ்வளவுதான். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதுவரை நாங்கள் எழுதிய எந்தப் பரீட்சையும் அப்படி இல்லை. கேள்வித்தாளை ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாக, நிதானமாக, முழுமையாக எழுதித்தான் பழக்கம். மறுநாள் எங்களுக்கு வேறு வேறு அறை. முடிந்து வெளியே வந்த பிறகுதான் பார்த்துக்கொண்டோம். அவன் முகம் நன்றாகத்தான் இருந்தது. "போட்ட கணக்கெல்லாம் கரெக்ட்டா போட்டுட்டேன்டா. நேரந்தான் பத்தல, பாதிக்கு மேல போக முடியல" என்றான்.

எனக்கு வேலை கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அவன் அப்பா படுத்துவிட்டார். நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. பிறகு எழுதவே இல்லை. அவன் வாழ்க்கை மோசம் என்று நான் சொல்லவில்லை. தோட்டம், மாடு, இரண்டு பெண்களுக்கும் நல்ல இடத்தில் கல்யாணம். ஆனால் அந்தத் தேர்வைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் ஒரே வாக்கியம்தான்: "எனக்கு எழுதி வெச்சது அவ்வளவுதான்." ஊரில் மற்றவர்கள் சொல்வது வேறு: "முயற்சி பண்ணியிருந்தா வந்திருப்பான், விட்டுட்டான்."

ஒருவர் விதி என்கிறார், மற்றவர்கள் மதி என்கிறார்கள். திருக்குறளிலும் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதால்தான் இரண்டும் இருக்கிறது. ஆனால் என் நண்பனின் விஷயம் இரண்டிலும் சேராது. என் டைரிக் கணக்கில் அது நடுக் கட்டம். அவனுக்கு அறிவு குறைவில்லை, அன்றைக்கு நேரமும் கெட்டதில்லை. ஐந்து நிமிஷப் பேச்சு அவன் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

காலை நடைப்பயிற்சியில் எங்கள் கோஷ்டியில் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "இந்தக் காலத்துப் பசங்க எல்லாத்துக்கும் அதிர்ஷ்டம் இல்லைங்கறாங்க. நாமெல்லாம் உழைச்சு முன்னுக்கு வரலையா?" வந்தோம், உழைத்தோம். நான் மறுக்கவில்லை. ஆனால் பாதாளத்தில் ஆயிரம் முறை இறங்கியவன் "எந்தப் பாதாளமும் ஜெயிக்கக்கூடியதே" என்று சொல்லும்போது அவனுக்குப் பின்னால் ஆயிரம் சாவு இருக்கிறது. முதல்முறை இறங்குபவனுக்கு அந்தச் சாவுகள் கிடையாது. விளையாட்டிலாவது மறுபடி முதல் தளத்திலிருந்து ஆரம்பிக்கலாம். இன்னொரு தடவை எழுதும் வசதி இல்லாத வீட்டுப் பையனிடம் போய் "உன் திறமை போதவில்லை" என்று சொல்வது கணக்குக்கே ஒத்துவராது. தணிக்கையில் இப்படி ஒரு கூட்டல் வந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன்.

செத்துக் கற்றுக்கொள்ள வழியில்லாத இடத்தில் மிச்சம் இருப்பது ஒன்றுதான். முன்னால் போனவன் பின்னால் வருபவனுக்குச் சொல்ல வேண்டும். ஷேட்டர்டில் யாரோ கையேட்டுப் பக்கங்களைப் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி. நம்மிடம் அது ஏராளமாக இருக்கிறது. எந்த அலுவலகத்தில் எந்த மேஜைக்கு முதலில் போக வேண்டும், எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை விட்டால் திருப்பி அனுப்புவார்கள், வீட்டுக் கடன் பத்திரத்தில் எந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்குச் சின்ன விஷயம். தெரியாதவனுக்கு அது பூதம். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். அது ரோக் லெகசி மாதிரி, வாரிசுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மதுரையில் சித்தப்பா வீடு இல்லாதவனுக்கு யார் சொல்வது?

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நண்பனிடம் டைரி விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தான். "எலி கடிச்சுச் செத்ததுக்கெல்லாமா கணக்கு எழுதறே?" என்றான். மூன்று கட்டத்தையும், அவன் தேர்வை எந்தக் கட்டத்தில் வைத்தேன் என்பதையும் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "அப்போ அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நம்ம ஊர்ல இருந்திருக்கணுங்கறே" என்றான். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவன் எழுதி வைத்தது பற்றிப் பேசவில்லை. அவனுடைய தங்கை பேரன் இந்த வருடம் ஏதோ தேர்வு எழுதுகிறானாம். என் போன் நம்பரை வாங்கிக் கொடுத்திருக்கிறான். பையன் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினான். நல்ல பையன், நிறையக் கேள்வி கேட்கிறான்.

விளையாட்டைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, யாராவது ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் அவர்களை வெறுங்கையோடு பாதாளத்தில் தள்ளுவது நியாயமில்லை. எனக்குப் பேரன் சொன்னதையும் டைரி சொன்னதையும் கீழே எழுதுகிறேன்.

எதிரி துரத்தினால் வெட்டவெளியில் நின்று சண்டை போடாதீர்கள். கதவைத் தாண்டிப்போய், அவன் பார்வையில் படாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அவன் வாசலில் கால் வைக்கும்போது உங்களைப் பார்த்திருக்க மாட்டான். அந்த அடி தப்பாமல் விழும்.

பெயர் தெரியாத குப்பியைச் சண்டையின் நடுவில் குடிக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று தளங்களில், உடம்பு முழுபலத்தோடு இருக்கும்போது, எதிரி யாரும் இல்லாத நேரத்தில், கதவுக்குப் பக்கத்தில் நின்று குடித்துப் பாருங்கள். நெருப்போ நச்சுப் புகையோ வந்தால் வெளியே போய்விடலாம். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

பசி அடையாளம் திரையில் வந்த பிறகு சாப்பிடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பசி வருவதற்கு 300 அடிகள் ஆகும், பட்டினி தொடங்க 450. நடுவில் நிறைய அவகாசம் இருக்கிறது.

நண்டு நம்மைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடும். ஓடித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், கதவைத் தேடுங்கள்.

ஐந்தாம் தளத்தில் கூழ்ப் பூதம் ஊதிப் பெருக ஆரம்பித்தால் விலகுங்கள். இதை மேலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் இன்னொரு முறை சொல்வதில் தப்பில்லை.